அதே நிலையில் ஒரு செடி

இந்தப் பேருந்து நிலையத்துக்கு வந்து போகிற எல்லோருக்கும் என் குரல் தெரியும், முகம் தெரியாது. "ஏழாவது மேடையிலிருந்து இன்னும் சற்று நேரத்தில் புறப்படும்" என்று நாள் முழுக்க ஒரு பெண் சொல்லிக்கொண்டிருப்பாளே, அவள் நான்தான். அந்தச் சற்று நேரத்தை நம்பி மூச்சிரைக்க ஓடி வந்து, கால் கடுக்க நின்று, என்னை மனதார வைதவர்கள் ஏராளம். அது எனக்குப் பழகிவிட்டது. ஆனால் நான் சொல்ல வந்தது என்னைப் பற்றி அல்ல. என் அறைக்கும் பக்கத்து அறைக்கும் நடுவே ஒரு பலகைத் தடுப்பு இருக்கிறது. அதற்கு அந்தப் பக்கம் உட்கார்ந்திருக்கும் மனிதரைப் பற்றி.

அந்தப் பக்கம் தவறவிட்ட பொருள்கள் பிரிவு. பேருந்தில் மறந்து இறங்கியவர்களின் குடை, பை, கைப்பேசி, ஒற்றைச் செருப்பு எல்லாம் அங்கேதான் வந்து சேரும். ஒற்றைச் செருப்பை எப்படி மறந்து இறங்க முடியும் என்று என்னைக் கேட்காதீர்கள், இறங்குகிறார்கள். என் அறைக்குப் பெரிய ஜன்னல் உண்டு, காலை வெயில் மேசை வரைக்கும் வரும். அவர் அறைக்கு ஜன்னலே கிடையாது. ஒரு குழல்விளக்கு, மூன்று இரும்பு அலமாரிகள், ஒரு மேசை, ஷட்டர் போட்ட கவுன்ட்டர், அவ்வளவுதான்.

அவருக்குப் பெற்றோர் வைத்த பெயர் ஒன்று இருக்கத்தான் இருக்கிறது. ஆனால் பொருளைத் திருப்பிக் கொடுக்கும்போதெல்லாம், அது கிழிந்த பையாக இருந்தாலும், இரண்டு கையாலும் நீட்டி "பத்திரம், பத்திரம்" என்று சொல்லியே அனுப்புவார். அதனால் ஓட்டுநரிலிருந்து மேலாளர் வரை எல்லோருக்கும் அவர் பத்திரம்தான். நான் மட்டும் பின்னால் ஓர் அண்ணன் சேர்த்துக்கொள்வேன்.

பத்திரம் அண்ணனிடமிருந்து ஒரு பொருளை வாங்குவதைவிட அதை மறுபடி கடையில் வாங்கிக்கொள்வது சுலபம். நீலக் குடை ஒன்று கிடைத்தது என்று என்னை அறிவிக்கச் சொல்வார். கைப்பிடியில் கிளித் தலை இருப்பதைச் சொல்ல விடமாட்டார். அந்தக் கிளியை வருகிறவர் தன் வாயால் சொல்ல வேண்டும். சொல்லாவிட்டால் குடை கிடையாது. பத்து வருஷம் பிடித்த குடையின் கைப்பிடி எப்படி இருக்கும் என்று தெரியாமல் விழிப்பவர்களை நான் தினமும் பார்க்கிறேன். கோபம் வரும், கத்துவார்கள், மேலாளர் பெயரைச் சொல்வார்கள். அவர் குரலே உயராது. ஒருமுறை பல்செட் தேடி வந்த பெரியவர் ஒருவரிடம், "மாட்டிக் காட்டுங்க" என்றார். மாட்டினார். "இப்ப கடிச்சுக் காட்டுங்க" என்றார். தடுப்புப் பலகை மெல்லியது, என் மைக் அப்போது திறந்திருந்தது. நிலையம் முழுக்க "கடிச்சுக் காட்டுங்க" என்று ஒலித்ததில் மேடைகளில் நின்றவர்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

இன்னொரு குணமும் உண்டு. பொருள் எந்த நிலையில் வந்ததோ அந்த நிலையிலேயே இருக்க வேண்டும். விரித்த குடையாக வந்தால் விரித்தே வைப்பார், அதைச் சுற்றிக்கொண்டு நடப்பார். ஓடுகிற கடிகாரம் வந்தால் தினமும் சாவி கொடுப்பார். அலாரம் அடித்துக்கொண்டே வந்த ஒரு கடிகாரத்தை அதே நேரத்துக்குத் தினமும் அடிக்கவிட்டு என் பிராணனை வாங்கினார். ஒருநாள் பொறுக்க முடியாமல் தடுப்பைத் தட்டி, "அண்ணே, அதை நிறுத்தித் தொலைங்களேன்" என்றேன். "அது நம்ம கடிகாரம் இல்லையே தங்கச்சி" என்றார்.

அப்படிப்பட்டவரிடம் போய்ச் சேர்ந்தது அந்தச் செடி.

மதிய ஷிப்ட் கண்டக்டர் ஒருவர் கொண்டுவந்து கவுன்ட்டரில் வைத்தார். பல் படம் போட்ட ஒரு வெள்ளைக் கோப்பை. அதற்குள் உள்ளங்கை அகலத்துக்கு ஒரு செடி. தடித்தடியான இலைகள், ஒன்றின் மேல் ஒன்றாக வட்டமாய், பச்சைக் களிமண்ணில் ரோஜாப்பூ செய்து வைத்தது போல இருந்தது. மண் சொதசொதவென்று ஈரமாக இருந்தது.

"கடைசி சீட்ல இருந்துச்சு, யாரோ மறந்துட்டாங்க" என்று சொல்லிவிட்டுக் கண்டக்டர் போய்விட்டார். பத்திரம் அண்ணனுக்குத் தலைவலி ஆரம்பித்தது. சாப்பாட்டுப் பொருள் என்றால் அன்றே அப்புறப்படுத்தலாம். கோழி, பூனை என்றால் விலங்குகளுக்கென்று ஒரு துறை இருக்கிறது, வண்டி வந்து ஏற்றிக்கொண்டு போகும். இது இரண்டிலும் சேராது. மேலாளருக்குப் போன் போட்டார். மேலாளர் எந்தக் கேள்விக்கும் ஒரே பதில் வைத்திருப்பவர். "பெறப்பட்ட அதே நிலையில் பாதுகாக்கவும்" என்று சொல்லி வைத்துவிட்டார்.

வேறு யாராக இருந்தாலும் அதை ஒரு மூலையில் வைத்துவிட்டு மறந்திருப்பார்கள், செடியும் நிம்மதியாக இருந்திருக்கும். நம்மவர் அதை விலையுயர்ந்த பொருள்களோடு இரும்பு அலமாரிக்குள் வைத்துப் பூட்டினார். ஒரு பக்கம் கைக்கடிகாரங்கள், ஒரு பக்கம் உரிமை கோரப்படாத இன்னொரு பல்செட், நடுவில் செடி. மண் ஈரமாக வந்ததல்லவா? அதனால் மண் எப்போதும் ஈரமாகவே இருக்க வேண்டும். காலையில் வந்ததும் அலமாரியைத் திறப்பார், ஆள்காட்டி விரலை மண்ணில் வைத்துப் பார்ப்பார், முதல்நாள் இருந்த சொதசொதப்பு வரும்வரை தண்ணீர் ஊற்றுவார், பூட்டுவார். போகும்போது மறுபடி ஒருமுறை.

"ஒரு சின்ன அலங்காரச் செடியைத் தவறவிட்டவர் தவறவிட்ட பொருள்கள் பிரிவை அணுகவும்" என்று நான் தினமும் நாலைந்து தடவை கூவினேன். கோப்பையைப் பற்றியோ அதிலிருந்த பல்லைப் பற்றியோ மூச்சுவிடக் கூடாது, அதுதான் அடையாளம். ஒருத்தரும் வரவில்லை.

செடி வளர்ந்தது. சாதாரணமாக இல்லை, மடமடவென்று. இரண்டு மாதத்தில் ஒரு சாண் உயரம். எனக்குக் காட்டுவதற்காகத் தூக்கிக்கொண்டு வந்தார். ரோஜாப்பூவைக் காணோம். வெளிறிப்போன ஒரு நீளத் தண்டு, அதில் இங்கொன்றும் அங்கொன்றுமாக இலைகள், கழுத்தை நீட்டிக்கொண்டு அலமாரிக் கதவின் இடுக்குப் பக்கமாகச் சாய்ந்திருந்தது.

"நல்லா செழிச்சிருக்குல்ல?" என்றார். முகத்தில் பெருமை வழிந்தது.

"அண்ணே, இது செழிப்பு இல்ல. தப்பிச்சு ஓடப் பாக்குது" என்றேன்.

அவர் முகம் செத்துவிட்டது. செடிக்கு என்ன ஆயிற்று என்பதற்காக அல்ல. அது அதே நிலையில் இல்லை என்பது அப்போதுதான் அவருக்கு உறைத்தது. இத்தனை வருஷத்தில் அவர் கையில் இருந்த ஒரு பொருளும் மாறியதில்லை. இது அவர் கண்ணெதிரே, பூட்டிய அலமாரிக்குள்ளேயே மாறிவிட்டது. நாற்காலியில் உட்கார்ந்து, கோப்பையை மடியில் வைத்துக்கொண்டு, "உரிமைக்காரங்க வந்து என்னதுன்னு கேட்டா நான் என்ன தங்கச்சி சொல்வேன்?" என்றார். எனக்குச் சிரிப்பும் வந்தது, பாவமாகவும் இருந்தது. என் ஜன்னலில் வைக்கச் சொன்னேன். அன்றிலிருந்து செடி என் அறையில் குடியேறியது. அதற்குக் காவலாக அவரும் பாதி நேரம் என் அறையில்தான்.

வெயில் பட்டும் செடி தேறவில்லை. அடியிலிருந்த இலைகள் கண்ணாடி மாதிரி ஆகி, தொட்டால் நீராய் வழிந்தன. நிலையத்து வாசலில் செடி விற்கும் நர்சரிக்காரரை நான்தான் கூப்பிட்டு வந்தேன். அவர் தண்டைத் தொட்டுப் பார்த்தார், மண்ணைப் பார்த்தார், பத்திரம் அண்ணனைப் பார்த்தார்.

"இது சக்குலன்ட்டுங்க. தண்ணியை இலைக்குள்ளயே சேத்து வச்சிருக்கும். மண்ணு நல்லா காஞ்ச பிறகுதான் ஊத்தணும். நீங்க என்ன, தினமும் ஊத்தினீங்களா?"

"ரெண்டு வேளை."

"எதுக்குங்க?"

"வந்தப்ப ஈரமா இருந்துச்சு."

நர்சரிக்காரர் என்னைப் பார்த்தார். நான் எட்டாவது மேடைக்கு அறிவிப்பு செய்யத் திரும்பிக்கொண்டேன். அவர் சொன்ன வைத்தியம் இதுதான்: அடித்தண்டு அழுகிவிட்டது, மேலே ஏறுவதற்குள் தலைப்பகுதியை வெட்டி எடுக்க வேண்டும், வெட்டிய இடம் காய்ந்து தோல் கட்டும்வரை மண்ணே இல்லாமல் வைக்க வேண்டும், பிறகு மணல் கலந்த காய்ந்த மண்ணில் உட்கார வைத்தால் வேர் விடும்.

"காவல்ல இருக்கற பொருளோட தலையை வெட்டறதா?" என்று எழுந்துவிட்டார் பத்திரம் அண்ணன். மேலாளருக்குப் போன் போட்டார். மேலாளர் பழைய பல்லவியையே பாடினார். "சார், அதே நிலையில வைக்கப் போய்த்தான் சார் அது சாகுது" என்று இவர் சொல்லும்போது அந்தப் பக்கம் வைத்தாகிவிட்டது. வாழ்க்கையில் முதல்முறையாக அவர் ரிசீவரை ஓங்கி வைத்ததை அன்று பார்த்தேன். வைத்துவிட்டு, அதற்கு ஏதாவது அடிபட்டுவிட்டதா என்று தடவியும் பார்த்தார்.

முடிவெடுத்தது அண்ணிதான். பேருந்து நிலையத்துக்குப் பின்தெருவில் அவருக்கு ஒரு தையல் கடை இருக்கிறது. மகள் கல்யாணமாகி வேறு ஊருக்குப் போன பிறகு வீட்டில் இவர்கள் இரண்டு பேர்தான். தினமும் மதியம் சாப்பாட்டுப் பையோடு வந்து, கொடுத்துவிட்டு, சண்டை ஏதாவது பாக்கி இருந்தால் அதையும் முடித்துவிட்டுப் போவார். அன்று வந்தபோது இவர் சாப்பிட மாட்டேன் என்று உட்கார்ந்திருந்தார். விஷயத்தை நான் சொன்னேன்.

"வீட்டுல நான் வச்ச செடிக்கு ஒரு சொம்பு தண்ணி ஊத்தினதில்ல இந்த மனுஷன். இங்க ரெண்டு வேளை ஊத்திக் கொன்னிருக்காரு" என்று அண்ணி ஆரம்பித்தார்.

"அடுத்தவங்க பொருளு. வந்த மாதிரியே திருப்பிக் கொடுக்கணும்."

"ஓகோ. நான் இந்த வீட்டுக்கு வந்த மாதிரியேவா இருக்கேன்? இடுப்பைப் பாருங்க, முடியைப் பாருங்க. எங்கப்பா வந்து அதே நிலையில திருப்பிக் கொடுன்னு கேட்டா என்ன பண்ணுவீங்க? உசிரோட இருக்கறது மாறத்தான் செய்யும். சாகாம இருந்தா போதும்னு நினைங்க."

சொல்லிக்கொண்டே பையிலிருந்து நூல் வெட்டும் கத்தரியை எடுத்தார். நர்சரிக்காரர் இடத்தைக் காட்டினார். பத்திரம் அண்ணன் சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டார். ஒரு சின்னச் சத்தம், அவ்வளவுதான். அண்ணி தலைப்பகுதியை ஒரு காகிதத்தின் மேல் வைத்து ஜன்னலில் வைத்தார். அழுகிய தண்டைக் குப்பையில் போடப் போனபோது மட்டும் இவர் குறுக்கே வந்து வாங்கிக்கொண்டார். அதை ஒரு கவரில் போட்டு, சீட்டு ஒட்டி, அலமாரியில் பூட்டினார். உதிர்ந்த நல்ல இலைகள் சிலவற்றை இன்னொரு கவரில். உரிமைக்காரருடைய பொருளின் பாகங்கள் அல்லவா!

அடுத்து வந்த நாட்களில் நான் பட்ட பாடு கொஞ்சமல்ல. மண் இல்லாமல், தண்ணீர் இல்லாமல் அது பாட்டுக்குக் காகிதத்தில் கிடந்தது. பார்த்துக்கொண்டு சும்மா இருக்க வேண்டும், அதுதான் வைத்தியம். சும்மா இருப்பது பத்திரம் அண்ணனுக்கு வராது. கை தானாகத் தண்ணீர் டம்ளர் பக்கம் போகும். நான் டம்ளரை ஒளித்து வைப்பேன். தொண்டை காய்ந்து நானே தேடும்போது எங்கே வைத்தேன் என்று எனக்கே தெரியாது. அதே கோப்பையில் புது மண் போட்டு உட்கார வைத்த பிறகும் இதே கதைதான். தாகம் எடுத்தால் இலை லேசாகச் சுருங்கும், அப்போது ஊற்றினால் போதும் என்று நர்சரிக்காரர் சொல்லியிருந்தார். இவர் மணிக்கொரு தடவை வந்து இலையை நோகாமல் அழுத்திப் பார்த்து, "தண்ணி கேக்குதா தங்கச்சி?" என்பார்.

"எனக்கு ஒண்ணும் கேக்கல. நீங்க பேசறது வெளில ஸ்பீக்கர்ல கேக்குது. தள்ளி நில்லுங்க."

ஒருநாள் சாயங்காலம் தலையை மெல்லத் தூக்கிப் பார்த்தவர் அப்படியே நின்றுவிட்டார். வெட்டிய இடத்தில் இளஞ்சிவப்பாக நாலைந்து நூல். வேர். கடைக்குப் போன் போட்டு, "விட்டுடுச்சு, விட்டுடுச்சு" என்று கத்தினார். யார் எதை விட்டார்கள் என்று புரியாமல் அண்ணி கத்தரியும் கையுமாக ஓடி வந்தார். அன்று மூன்று பேரும் ஜன்னலருகே நின்று டீ குடித்தோம். அலமாரிக்குள்ளே கவரில் கிடந்த இலைகளும் சும்மா இல்லை. திறந்து பார்த்தால் ஒவ்வொன்றின் அடியிலும் பட்டாணி அளவில் ஒரு குட்டிச் செடி முளைத்திருந்தது. மண்ணும் இல்லை, தண்ணீரும் இல்லை, கேட்பாரும் இல்லை, நன்றாகவே இருந்தன. குட்டிகளைப் பாட்டில் மூடிகளில் வைத்து என் ஜன்னலில் வரிசையாக அடுக்கினார். என் தண்ணீர் பாட்டில்கள் எல்லாம் அன்றிலிருந்து மூடியில்லாமல்தான் இருக்கின்றன.

அந்தச் செடி வந்த பிறகு அவர் வேறு ஆள். முன்பெல்லாம் சுவரைப் பார்த்து உட்கார்ந்து சாப்பிடுவார். இப்போது அண்ணியையும் உட்கார வைத்து ஜன்னலோரம் சாப்பிட்டார். வெயிலில் இலை ஓரம் சிவப்பதை, வெந்தயம் அளவில் நடுவே புது இலை சுருண்டு வருவதை எங்களுக்குக் கூப்பிட்டுக் காட்டினார். எனக்கு எரிச்சலாகத்தான் இருக்கும். ஆனாலும் மூன்றாவது மேடைக்காரர்களைக் காக்கவைத்துவிட்டு எட்டிப் பார்ப்பேன்.

விதி என்னவென்றால், ஒரு வருஷம் யாரும் கேட்காத பொருள் ஏலத்துக்குப் போகும். செடியை என்ன செய்வது என்று மேலாளரைக் கேட்டபோது, அவர் முதல்முறையாக வேறொரு பதில் சொன்னார். "செடியை யாருய்யா ஏலம் எடுப்பான்? வருஷம் முடிஞ்சா நீயே வீட்டுக்கு எடுத்துட்டுப் போ. என்னை ஆளை விடு."

நீயே எடுத்துட்டுப் போ! அந்த அறையிலிருந்து ஒரு குண்டூசி வீட்டுக்குப் போனதில்லை. அன்று அவர் என்னிடம் அதையே மூன்று தடவை வந்து சொன்னார். அண்ணி வீட்டில் கிழக்கு ஜன்னலைக் காலி செய்தார். உச்சி வெயில் சுட்டுவிடக் கூடாது என்று மெல்லிய வெள்ளைத் துணியில் ஒரு திரைகூடத் தைத்து மாட்டினார். இவர் சாயங்காலம் போய் அந்தக் காலி ஜன்னலைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாராம். வருஷம் முடியும்வரை உரிமைக்காரர் யாரும் வராமல் இருக்க வேண்டும். அவருக்கு வேண்டியதெல்லாம் அது ஒன்றுதான்.

ஆனால் அறிவிப்பை நிறுத்தச் சொல்லவில்லை. நானாகத்தான் ஒரு தந்திரம் செய்தேன். ஐந்தாறு பேருந்துகள் ஒன்றாக எஞ்சினை உறுமவிடும் நேரம் பார்த்து, "ஒருசின்னலங்காரச்செடி" என்று தும்மல் போடுவது போலச் சொல்லி முடித்துவிடுவேன். உடனே தடுப்பு தட்டப்படும்.

"தங்கச்சி, சரியாக் கேக்கலயே. நிறுத்தி, தெளிவாச் சொல்லும்மா."

"உங்களுக்கு அது வேணுமா வேண்டாமா?"

"வேணும். ஆனா நீ தெளிவாச் சொல்லு" என்றார். என்ன மனிதரய்யா இவர் என்று பல்லைக் கடித்துக்கொண்டு தெளிவாகச் சொன்னேன்.

அடுத்த வாரத்தோடு வருஷம் முடிகிறது. அன்று ஒரு பெண் சாப்பாட்டுப் பையைத் தேடி வந்தார். பல் மருத்துவமனை ஒன்றில் வரவேற்பில் இருப்பவர், கலகலப்பான ஆள். பையின் அடையாளங்களை எல்லாம் சரியாகச் சொல்லிவிட்டு வாங்கிக்கொண்டு திரும்பியிருக்க வேண்டியது. அந்த நேரம் பார்த்து, மண் காய்ந்துவிட்டதா என்று பார்க்க அண்ணன் கோப்பையைத் தன் மேசைக்குக் கொண்டுவந்திருந்தார்.

"ஐயோ, இது எங்க கப்பு!"

நான் மைக்கை அணைத்துவிட்டு எழுந்து அந்தப் பக்கம் போனேன்.

"எங்க கிளினிக் கப்புங்க இது. அடியில பாருங்க, கைப்பிடிக்குக் கீழ ஒரு சில்லு போயிருக்கும். டாக்டர்தான் கீழ போட்டாரு."

போயிருந்தது. பத்திரம் அண்ணன் எழுந்துவிட்டார். "எப்ப தவறவிட்டீங்க? தினமும் அறிவிச்சோமே, செடின்னு" என்றார்.

"செடியா? ஆமா, கேட்டிருக்கேன். யாரோ பாவம் செடியைத் தொலைச்சுட்டாங்கபோலன்னு நினைச்சுப்பேன். இது பிளாஸ்டிக்தானே?"

நான் செடியை ஒருமுறை தொட்டுப் பார்த்தேன்.

"பிளாஸ்டிக்னுதாங்க நாங்க எல்லாரும் நினைச்சோம். மாசக்கணக்கா ஜன்னலோர கவுன்ட்டர்ல தூசி படிஞ்சு கிடந்துச்சு. கிளினிக் இடம் மாத்தினப்ப நான் வீட்டுக்கு எடுத்துட்டுக் கிளம்பி, பஸ்லயே விட்டுட்டேன். அன்னிக்குத்தான் குழாயில நல்லாக் காட்டிக் கழுவினேன்."

அந்த ஈரத்தைத்தான் இவர் விரல் வைத்து அளந்து அளந்து, இரண்டு வேளை காப்பாற்றி வந்திருக்கிறார். நான் அவர் முகத்தைப் பார்க்கவில்லை.

"அண்ணே, கப்பு அவங்களோடது. கப்பைக் கொடுத்துடுங்க. செடிக்கு அடையாளம் கேளுங்க" என்றேன். அவர் கேட்டார். கேட்காமல் எதையும் கொடுத்தவரல்ல. இலை ஓரம் என்ன நிறம்? அந்தப் பெண்ணுக்குத் தெரியவில்லை. இலை நுனி கூராக இருக்குமா, மழுங்கலா? தெரியவில்லை. குடைக்காரர்களை இதைவிடச் சின்னத் தவறுக்குத் திருப்பி அனுப்பியிருக்கிறார். எனக்கு மனசுக்குள் ஒரே கொண்டாட்டம். திருப்பி அனுப்புங்கள் அண்ணே, திருப்பி அனுப்புங்கள்.

அவர் என்ன செய்தார் தெரியுமா? "நல்லா யோசிச்சுப் பாருங்க. வெயில் பட்டா ஒரு நிறம் வரும். ரத்தம் என்ன நிறம்?" என்றார்.

"சிவப்பா?"

"சரி. நுனில ஒரு சின்ன முள்ளு மாதிரி இருக்கும்ல?"

"ஆமா... இருக்கும்."

"சரியாச் சொல்லிட்டீங்க."

யாருக்கும் ஒரு எழுத்து எடுத்துக் கொடுக்காத மனிதர், தன்னுடைய செடியைத் தானே இழப்பதற்கு விடை சொல்லிக் கொடுத்துக்கொண்டிருந்தார். எனக்கு அவர்மேல் வந்த கோபத்துக்கு அளவில்லை. பிறகு அவர் கைகட்டி நின்று, எல்லாவற்றையும் ஒப்புக்கொண்டார். அலமாரியில் வைத்தது, தண்ணீர் ஊற்றியது, தண்டு நீண்டது, தலையை வெட்டியது. "வந்த நிலையில இதை என்னால வச்சிருக்க முடியலங்க. மன்னிக்கணும்" என்றார்.

அந்தப் பெண் செடியை ஒரு பார்வை பார்த்தார். "அப்படியேதான் இருக்குங்க. ஒரு வித்தியாசமும் தெரியல" என்றார்.

நல்லெண்ணத்தில்தான் சொன்னார். அண்ணன் என் ஜன்னலிலிருந்து கொண்டுவந்து வைத்த குட்டிகளைப் பார்த்து, "இதெல்லாம் எனக்கு எதுக்குங்க, நீங்களே வச்சுக்குங்க" என்றும் சொன்னார். நான் அதற்குள் ஒரு மூடியை எடுத்துப் பின்னால் மறைத்துக்கொண்டேன். அண்ணன் கையை நீட்டினார். கொடுத்துவிட்டேன். "எல்லாம் உங்க செடியோட இலையில வந்தது. நாங்க எடுத்துக்கக் கூடாதுங்க" என்று சொல்லி, மூடிகளைச் சாப்பாட்டுப் பைக்குள் ஒவ்வொன்றாக அடுக்கினார். அலமாரியைத் திறந்து, அழுகிய தண்டு இருந்த கவரையும் எடுத்துக் கொடுத்தார். அந்தப் பெண் அதை என்னவென்று கேட்காமலே வாங்கிக்கொண்டார். கடைசியாகக் கோப்பையை இரண்டு கையாலும் நீட்டினார்.

"கழுவாதீங்க. மண்ணு காஞ்ச பிறகு கொஞ்சமா தண்ணி. ஜன்னல்ல வைங்க" என்றார். "பத்திரம்" என்ற சொல் மட்டும் வரவில்லை.

அந்தப் பெண் போன பிறகு நான் கத்தினேன். வாயில் வந்ததையெல்லாம் கத்தினேன். ஒரு வாரம், ஒரே ஒரு வாரம் பேசாமல் இருந்திருக்கக் கூடாதா? அண்ணியிடம் போய் என்ன சொல்வீர்கள்? அந்தத் திரையை என்ன செய்வது? பிளாஸ்டிக் என்று நினைத்தவளுக்கு எதற்கு உயிருள்ள செடி? அவர் கேட்டுக்கொண்டே நின்றார். "அவங்களோடதுதானே தங்கச்சி" என்றார். பிறகு மெல்லக் கதவைத் திறந்து வெளியே போனார்.

டீ குடிக்கப் போகிறார் என்று நினைத்தேன். போகவில்லை. சுற்றி வந்து, தன்னுடைய கவுன்ட்டருக்கு முன்னால், பொருளைத் தொலைத்தவர்கள் நிற்கும் இடத்தில் வந்து நின்றார். கவுன்ட்டர் விளிம்பைப் பிடித்துக்கொண்டு காலியாக இருந்த தன் நாற்காலியைப் பார்த்தார். வேலை நேரத்தில் அவரை அந்தப் பக்கம் நான் பார்த்ததே இல்லை. கண்ணில் நீர் திரண்டு நின்றது, துடைக்கவும் இல்லை.

எனக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை. போய் அவர் நாற்காலியில் உட்கார்ந்தேன்.

"சொல்லுங்க. என்ன தவறவிட்டீங்க?" என்றேன்.

"ஒரு செடி."

"எந்த வண்டியில?"

"வண்டியில இல்லம்மா."

"அடையாளம் சொல்லுங்க."

சொல்ல ஆரம்பித்தார். உச்சியிலிருந்து இறங்கி வந்தார். நடுவில் மூடியிருக்கும் புது இலை, அதற்கு அடுத்ததில் அண்ணியின் நகம் பட்ட கீறல், காலை வெயிலில் முதலில் சிவக்கும் இலை எது, கடைசியில் சிவப்பது எது, தாகம் எடுத்தால் முதலில் சுருங்குவது எது. வெளியே ஓட்டுநர்கள் ஹாரனை அடித்து என்னைக் கூப்பிட்டார்கள். மேடைகளில் ஜனம் எந்தப் பேருந்தில் ஏறுவது என்று தெரியாமல் முட்டி மோதியது. மேலாளரின் போன் விடாமல் அடித்தது. நான் எழுந்திருக்கவில்லை.

அவர் சொல்லி முடித்தார். அடையாளம் எல்லாம் சரியாக இருந்தது. எடுத்துக் கொடுக்கத்தான் என்னிடம் எதுவும் இல்லை.